ஊர்க் கூட்டுறவு வங்கியின் வரலாற்றைப் பழைய ஏடுகளிலிருந்து எழுதும் முறை

நம் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-இல். அதற்கு முன், திருவிதாங்கூர் சமஸ்தானக் காலத்திலேயே தொடங்கிய கூட்டுறவு வங்கி என்றால், அதன் முதல் கணக்குகள் திருவிதாங்கூர் கணக்குகள். ஆண்டும் பணமும் இன்றைய வழக்கில் இருக்காது. ஊர் வங்கி வரலாறுகள் சறுக்குவது இந்த இரண்டிலும்தான்.

ஆண்டுவிழா மலரை வைத்துத் தொடங்காதீர்கள். ஒரு மலரைப் பார்த்து அடுத்ததை எழுதும்போது தப்பும் கூடவே வரும். செயலாளரிடம் எழுத்தில் அனுமதி கேட்டு, தீர்மானப் புத்தகத்தை எடுங்கள். பிறகு பங்குப் பதிவேடு, பேரேடு, தணிக்கை அறிக்கை. ஆரம்பக் கூட்டம் ஒரு நாள், பதிவு வேறு நாள், முதல் கடன் இன்னொரு நாள். மூன்றையும் தனித்தனியே குறியுங்கள். பெயர்ப்பலகை ஆண்டு இவற்றில் எது என்பது அப்போது தெரியும்.

திருவிதாங்கூர் ஏடுகளில் வரும் கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. அதை ஆங்கில ஆண்டாக்க, ஆவணி முதல் கார்த்திகை வரை 824 கூட்டுங்கள். தை முதல் ஆடி வரை 825. மார்கழியின் நடுவில் ஜனவரி 1 வருவதால் தேதியையும் பார்க்க வேண்டும். எல்லாச் சாதி இந்துக்களுக்கும் கோயிலைத் திறந்த அரச அறிவிப்பான ஆலயப் பிரவேச விளம்பரம் 1112 ஐப்பசி 27, அதாவது 1936 நவம்பர் 12. உங்கள் கணக்கை இதில் சோதியுங்கள். மலையாளப் பக்கங்களில் ஐப்பசிக்குத் துலாம் என்றிருக்கும்.

16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கோ 28 சக்கரம் 8 காசு. ஆகவே 100 பிரிட்டிஷ் ரூபாய், இங்கே 101 ரூபாய் 22 சக்கரம். ஏட்டில் எந்த ரூபாய் என்று தெரியவில்லையா? ரூபாய்க்கு அடுத்த பத்தியைப் பாருங்கள். 16 முதல் 27 வரையிலான எண்கள் வந்தால் அது சக்கரம். பக்கம் பக்கமாகப் புரட்டியும் 15-ஐத் தாண்டவில்லை என்றால் அணா, அதாவது பிரிட்டிஷ் ரூபாய்.

1113 ஆனியில், 1938 ஜூனில், திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி பணம் கொடுப்பதை நிறுத்தியது. அதற்கு முன்னும் பின்னும் ஆறு மாத வைப்புப் பத்தியை வரிவரியாகப் படியுங்கள். பயந்து எடுத்தார்களா, நம்பி இங்கே போட்டார்களா என்பதுதான் ஊர் வங்கியின் உண்மையான வரலாறு. எந்த மலரும் இதைச் சொல்லாது.

1966 மார்ச் 1 முதல் கூட்டுறவு வங்கிகள் ரிசர்வ் வங்கியின் மேற்பார்வைக்கும் உட்பட்டன. தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களுக்கு அது பொருந்தாது. ஊரார் பேங்க் என்று சொல்வது எந்த வகை என்பதைப் பதிவுச் சான்றிதழில் உறுதிசெய்யுங்கள்.

இராமபாணப் பூச்சி துளைத்த தாளை நுனியில் பிடித்துப் புரட்டினால் ஒடியும். அடியில் மெல்லிய அட்டையைச் செருகித் திருப்புங்கள். செல்லோடேப் ஒட்டவே கூடாது, பசை மஞ்சளாகி எழுத்தையும் தின்றுவிடும். ஜன்னல் வெளிச்சத்தில், பக்க எண் தெரியும்படி படமெடுங்கள்.

தவணை தவறியவர் பெயரை அச்சிடாதீர்கள். பேரப்பிள்ளைகள் அதே தெருவில் இருப்பார்கள். தொகை, ஈடு, கடன் தீர்ந்த தேதி போதும்.

ஏடே இல்லாத ஆண்டுகளுக்குத் திருவனந்தபுரத்தில் கேரள மாநில ஆவணக் காப்பகத்தில் திருவிதாங்கூர் அரசின் கோப்புகளைத் தேடுங்கள். வங்கியின் பெயரோடு பழைய தாலுகா பெயரையும், தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்று, எழுதிக்கொண்டு போங்கள்.