மொட்டை மாடித் தண்ணீர் எங்கே போச்சு? பிள்ளைகளுக்கு நீர்ச் சுழற்சி சொல்லித்தரும் வழி

அஞ்சு, ஆறு வயசுப் பிள்ளைக்கு நீர்ச் சுழற்சி சொல்லித்தர நினைத்தால், அம்புக்குறி போட்ட அந்த வட்டப் படத்தை முதலில் எடுக்காதீர்கள். படத்தைப் பார்த்து ஆவியாதல், மேகம், மழை என்று கடகடவென ஒப்பித்துவிடும் பிள்ளையிடம், தரையில் கொட்டிய தண்ணீர் எங்கே போச்சு என்று கேட்டுப்பாருங்கள், "தரை குடிச்சிருச்சு" என்றுதான் பதில் வரும். அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

காலையில் வெயில் ஏறியதும் மொட்டை மாடியில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி, அது நிற்கும் ஓரத்தைச் சாக்பீஸால் பிள்ளையையே கோடு போடச் சொல்லுங்கள். கால் மணிக்கு ஒரு தடவை போய் இன்னொரு கோடு. மதுரை வெயிலுக்கு அதிக நேரம் ஆகாது. பக்கத்திலேயே ஒரு எவர்சில்வர் தட்டில் கொஞ்சம் உப்புத்தண்ணீர் வையுங்கள். எவர்சில்வர் தண்ணீரைக் குடிக்காது என்று பிள்ளைக்கே தெரியும். தட்டு காய்ந்ததும் உப்பு மட்டும் வெள்ளையாகப் படிந்திருக்கும். கடல் தண்ணீர் கரிக்கிறதே, மழைத் தண்ணீர் ஏன் கரிப்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

சரி, மேலே போன தண்ணீர் காற்றில்தான் இருக்கிறது என்பதை எப்படி நம்பவைப்பது? நன்னாரி சர்பத் போதும். டம்ளரை வெளியே நன்றாகத் துடைத்துவிட்டு, சர்பத் ஊற்றி ஐஸ் போட்டு வைத்தால் சில நிமிஷத்தில் வெளிப்பக்கம் முத்து முத்தாக வியர்க்கும். டம்ளர் ஒழுகுது என்பார்கள். விரலால் தொட்டு நாக்கில் வைக்கச் சொல்லுங்கள். இனிப்பு இருக்காது, நிறமும் இருக்காது. அப்படியானால் அது உள்ளேயிருந்து வரவில்லை, சுற்றியிருக்கும் காற்றிலிருந்து வந்திருக்கிறது. இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள், பிள்ளை இன்னொரு தடவை துடைத்துப் பார்க்கும், மறுபடி வியர்க்கும், அதுவாக யோசிக்கட்டும்.

அப்புறம் மேகம். மேலே போகப் போகக் காற்று குளிரும், கொடைக்கானல் போய்வந்த பிள்ளைக்கு இதைச் சொல்லவே வேண்டாம். அங்கே மலையில் முகத்தில் ஈரமாகப் படுகிறதே அந்த மஞ்சு, அது தரையைத் தொட்ட மேகமேதான். மேகம் என்பது தண்ணீர் கட்டிய மூட்டை இல்லை, பொடிப் பொடித் துளிகளின் கூட்டம். துளிகள் சேர்ந்து கனத்தால் விழும். இட்லிச் சட்டி மூடியை நீங்கள் தூக்கிப் பிடித்துக் காட்டுங்கள் (பிள்ளை எட்டி நிற்கட்டும், ஆவி சுட்டுவிடும்): உள்பக்கம் சின்னத் துளிகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிப் பெரிதாகிச் சொட்டும்.

கடைசியில் வைகைக்குக் கூட்டிப்போங்கள். வருசநாட்டு மலையில் பெய்த மழை ஆறாகி, அணையில் நின்று, மதுரை தாண்டி இராமநாதபுரம் பெரிய கண்மாய்வரை போகிற கதையைப் பாலத்தில் நின்று சொன்னால் மனசில் தங்கும். ஆறு வறண்டிருந்தாலும் பரவாயில்லை. ஒரு பங்கு ஆவியாய்ப் போனது, ஒரு பங்கு மணலுக்கு அடியில் இறங்கி நம் கிணற்றுக்கும் போருக்கும் வருகிறது. தரை குடிச்சிருச்சு என்று பிள்ளை சொன்னதும் பாதி சரிதான், அதைப் பிள்ளையிடம் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் மாடியில் ஒரு வாளியை வையுங்கள். இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்திருக்கும் என்று கேளுங்கள். வங்கக்கடலிலிருந்து என்று சொன்னாலும் சரி, நம்ம சொம்புத் தண்ணீர் என்று சொன்னாலும் சரி.