சீலிங்கில் ஓட்டை போடுவதற்கு முன்: மேல் ஸ்பீக்கர்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு மழைக் காட்சியில் மழை திரைக்குள் பெய்யாமல் நம் தலைக்கு மேலேயே பெய்வதாகக் காது நம்பிவிடும் தருணம் இருக்கிறதே, அதற்காகத்தான் சீலிங்கில் ஸ்பீக்கர் வைக்க ஆசைப்படுகிறோம். மேலேயிருந்தும் ஒலியை வரவைக்கும் முறையான டால்பி அட்மாஸ் 2012-ல் திரையரங்குகளுக்கு வந்தது, 2014-ல் வீட்டு ரிசீவர்களுக்கும் (ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டி) வந்துவிட்டது. அதற்கு அடுத்த ஆண்டே அதே போன்ற டிடிஎஸ்:எக்ஸும் வந்தது. ஆனாலும் நான்கு ஸ்பீக்கர் மாட்டியும் மேலேயிருந்து ஒன்றுமே கேட்கவில்லை என்று வருந்துகிறவர்கள் நிறைய. பெரும்பாலும் குறை ஸ்பீக்கரில் இருப்பதில்லை, அதை வைத்த இடத்தில்தான் இருக்கிறது. தரையில் நிற்கும் ஸ்பீக்கரை நாளைக்கு நகர்த்திக்கொள்ளலாம். சீலிங்கில் அறுத்த ஓட்டையை நகர்த்த முடியாது. அதனால்தான் இந்த வேலையில் அவசரம் கூடவே கூடாது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, சுவரிலிருந்து அளப்பது. என் முதல் அமைப்பில் நானும் அதைத்தான் செய்தேன். நான்கு மூலையிலிருந்தும் சம தூரம் அளந்து, விளக்குகளோடு ஒரே வரிசையில் வரும்படி ஸ்பீக்கர்களைப் பதித்தேன். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் படத்தில் ஹெலிகாப்டர் வந்தபோது அது தலைக்கு மேல் வரவே இல்லை, சுவரோரமாகவே போய்விட்டது. மறுபடி அறுத்து, பழைய ஓட்டைகளை அடைத்துப் பூசி முடித்த பிறகுதான் ஒன்று உறைத்தது: அளவு தொடங்க வேண்டிய இடம் உட்கார்ந்திருப்பவரின் காது.

கணக்கு எளிது. நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, தரையிலிருந்து காது வரை அளந்துகொள்ளுங்கள். காது 1 மீட்டர் உயரத்திலும் சீலிங் 2.7 மீட்டர் உயரத்திலும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி 1.7 மீட்டர். நான்கு மேல் ஸ்பீக்கர்கள் வைப்பதானால், முன் ஜோடி காதிலிருந்து பார்க்க 45 பாகை ஏற்றத்தில் இருப்பது நல்லது. அதாவது தலைக்கு நேர் மேலே உள்ள புள்ளியிலிருந்து அதே 1.7 மீட்டர் முன்னால். பின் ஜோடி அதே தூரம் பின்னால். டால்பியின் வழிகாட்டுதல் முன் ஜோடிக்கு 30 முதல் 55 பாகை வரை இடம் தருகிறது. நம் உதாரண அறையில் அது ஏறக்குறைய 1.2 மீட்டரிலிருந்து 2.9 மீட்டர் வரை. விளக்கோ உத்தரமோ குறுக்கே வந்தால் கொஞ்சம் தள்ளி வைக்கத் தாராளமாக வழி இருக்கிறது, பயப்பட வேண்டாம். இரண்டே இரண்டு ஸ்பீக்கர் என்றால் 65 முதல் 100 பாகைக்குள் (90 என்றால் நேர் மேலே) வைக்கலாம். 80 பாகை, அதாவது தலைக்கு நேர் மேலே இல்லாமல் சுமார் 30 செ.மீ. முன்னால் வைப்பது என் விருப்பம். பக்கவாட்டில், முன் இடது, வலது ஸ்பீக்கர்கள் நிற்கும் கோட்டுக்கு நேராக மேலேயும் வரட்டும். சுவரோரம் ஒதுக்கினால் மேல் ஒலியும், பக்கத்திலிருந்தும் பின்னாலிருந்தும் வரும் சரவுண்ட் ஒலியும் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

சோஃபா பின் சுவரை ஒட்டிக் கிடந்தால் என்ன செய்வது? பெரும்பாலான அறைகளில் நிலைமை இதுதான். தலைக்குப் பின்னால் சீலிங்கே இல்லாதபோது பின் ஜோடியை எங்கே வைப்பது? சிலர் அதைச் சுவரும் சீலிங்கும் சேரும் மூலையில், கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே திணிக்கிறார்கள். முன்னிருந்து பின்னால் பறந்து போகும் உணர்வு அதில் கிடைப்பதில்லை. சோஃபாவை ஒரு மீட்டராவது முன்னால் இழுக்க முடிந்தால் இழுத்துவிடுங்கள். இதற்குச் செலவே இல்லை, பாஸ் ஒலியும் சேர்ந்து சீராகும். முடியாது என்றால் மனதைத் தேற்றிக்கொண்டு இரண்டோடு நிறுத்துங்கள். சரியான இடத்தில் இருக்கும் இரண்டு, தவறான இடத்தில் இருக்கும் நான்கைவிட நன்றாகக் கேட்கும். இதை நான் உறுதியாகவே சொல்வேன்.

அடுத்தது, மேலே பார்த்துக்கொண்டே கீழே இருப்பதை மறந்துவிடுவது. ஐந்து ஸ்பீக்கரும் ஆழ்ந்த ஒலிக்கு ஒரு சப்வூஃபரும் மட்டுமே இருந்த பழைய 5.1 நாட்களில் சரவுண்ட் ஸ்பீக்கர்களைக் காதுக்கு மேலே இரண்டடி, மூன்றடி உயரத்தில் மாட்டுவது வழக்கம். அவற்றை அங்கேயே விட்டுவிட்டு சீலிங்கிலும் ஸ்பீக்கர் போட்டால், இரண்டுக்கும் நடுவே வித்தியாசமே தெரியாது. கீழே ஒரு அடுக்கு, மேலே ஒரு அடுக்கு என்று காது பிரித்து உணர்ந்தால்தான் உயரம் என்ற ஒன்று பிறக்கும். அதனால் சரவுண்டுகளைக் காது மட்டத்துக்கு, அல்லது அதற்குச் சற்றே மேலே இறக்குங்கள். பல வீடுகளில் சீலிங்கைத் தொடுவதற்கு முன்பே இந்த ஒரு மாற்றம் போதும், ஒலி திறந்துவிடும்.

ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். கடைகளிலும் அரங்குகளிலும் அறிவிப்புக்குப் பயன்படும் 100 வோல்ட் லைன் ஸ்பீக்கர்களும் சீலிங் ஸ்பீக்கர் என்ற பெயரில்தான் விற்கின்றன. உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். வீட்டு ரிசீவருக்கு அவை பொருந்தாது, 8 ஓம்ஸ் அல்லது 6 ஓம்ஸ் என்று தெளிவாகப் போட்டிருப்பதை வாங்குங்கள். இரண்டாவது, ஒலி பரவும் அகலம். நேர் கீழே பார்த்தபடி பதிக்கும் ஸ்பீக்கர் பக்கவாட்டிலும் 45 பாகை வரை சீராக ஒலிக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் உங்கள் இருக்கையை நோக்கித் திருப்பக்கூடிய ட்வீட்டர் (கூர்மையான ஒலியைத் தரும் சிறு பகுதி) கொண்டதோ, சாய்வாகவே அமைந்ததோ தேவை. மூன்றாவது, இரு பக்கமும் ஒலியைச் சிதறடிக்கும் டைபோல் வகை மேலே வேண்டாம். ஒலி எங்கிருந்து வருகிறது என்பதைக் காட்டத்தானே அங்கே வைக்கிறோம்?

கான்கிரீட் சீலிங்கை வெட்ட முடியாதவர்கள் சிறிய ஸ்பீக்கரைத் தாங்கியில் மாட்டி, இருக்கையை நோக்கிச் சாய்க்கலாம். என்னைக் கேட்டால் பதிக்கும் ஸ்பீக்கரைவிட இதுவே மேல், ஏனென்றால் கோணத்தைப் பிறகும் மாற்றிக்கொள்ளலாம். சீலிங்கில் பட்டுத் திரும்பும்படி கீழேயிருந்து மேல்நோக்கி ஒலிக்கும் ஸ்பீக்கர்களும் உண்டு. ஆனால் சீலிங் தட்டையாகவும் கெட்டியாகவும் இருந்தால்தான் அவை வேலை செய்யும். சாய்வான கூரை, ஒலியை உறிஞ்சும் ஓடுகள், மிக உயரமான சீலிங் என்றால் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

ஃபால்ஸ் சீலிங் போடுகிறவர்கள் வயரை முதலில் இழுத்துவிடுங்கள். இன்று இரண்டு ஸ்பீக்கர்தான் என்றாலும் நான்குக்கும் வயர் போட்டுச் சுருட்டி வைத்துவிட்டால், பிறகு பலகையைப் பிரிக்க வேண்டியிருக்காது. வயரின் தடிமன் விஷயத்தில் ஒரு சின்னக் கணக்கு. 1.5 சதுர மி.மீ. செப்பு வயரில் 15 மீட்டர் தூரம் போய்த் திரும்பும்போது மின்தடை சுமார் 0.34 ஓம்ஸ். 8 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு இது 5 சதவீதத்துக்குள் அடங்கும், சரி. 4 ஓம்ஸ் ஸ்பீக்கர் என்றாலோ தூரம் இன்னும் அதிகம் என்றாலோ 2.5 சதுர மி.மீ.க்குப் போய்விடுங்கள். செம்பு பூசிய அலுமினிய வயரும் சந்தையில் கிடைக்கிறது. பார்க்கச் செம்பு மாதிரியே இருக்கும், தடையோ ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. சீலிங்குக்குள் போவதால் தீ எளிதில் பரவாத உறை கொண்ட வயராகப் பார்த்து வாங்குங்கள்.

ஜிப்சம் பலகையை மட்டும் நம்பிக் கனமான ஸ்பீக்கரைத் தொங்கவிடக் கூடாது. அதன் கீழே மனிதர்கள் உட்காரப்போகிறார்கள். மேலேயுள்ள கான்கிரீட்டிலிருந்தோ இரும்புச் சட்டத்திலிருந்தோ ஒரு பாதுகாப்புக் கம்பி கட்டாயம் வரட்டும். அறுப்பதற்கு முன் மின்வயரும் தண்ணீர்க் குழாயும் எங்கே ஓடுகின்றன என்று பார்த்துவிடுங்கள். மேல் மாடியில் யாராவது தூங்கும் அறை இருந்தால் ஸ்பீக்கருக்குப் பின்னால் மூடிய பெட்டி வைப்பது நல்லது, சத்தம் மேலே கசிவது குறையும். அப்புறம், சீலிங் ஃபேனின் இறக்கைக்கு மேலே ஸ்பீக்கர் வந்துவிட்டால் ஃபேன் சுற்றும்போது ஒலி வெட்டி வெட்டிக் கேட்கும்.

ரிசீவர் பக்கம் வருவோம். 5.1.2 என்பதில் கடைசி எண்தான் மேல் ஸ்பீக்கர்களைக் குறிக்கிறது. அதற்கு ஏழு ஆம்ப் சேனல் வேண்டும், 5.1.4 என்றால் ஒன்பது, 7.1.4 என்றால் பதினொன்று. சேனல் போதவில்லை என்று ஒரே முனையில் இரண்டு ஸ்பீக்கர்களை இணையாகக் கோர்ப்பவர்கள் உண்டு. இரண்டு 8 ஓம்ஸ் சேர்ந்து 4 ஓம்ஸ் ஆகி ஆம்ப் சூடேறும். இரண்டிலும் ஒரே ஒலிதான் வரும், எனவே பயனும் இல்லை. மாட்டியபின் அமைப்புப் பட்டியலில் உண்மையான இடத்தையே குறிப்பிடுங்கள். ‘டாப் மிடில்’ (தலைக்கு மேலே) இடத்தில் வைத்துவிட்டு ‘ஃப்ரண்ட் ஹைட்’ (முன் சுவரின் உயரத்தில்) என்று சொன்னால், ரிசீவர் இல்லாத ஒரு ஸ்பீக்கருக்காகக் கணக்குப் போடும்.

பிறகு மைக் வைத்து, ஸ்பீக்கர்களின் தூரத்தையும் சத்தத்தையும் ரிசீவரே அளந்து சரிசெய்யும் அளவீட்டை முதலிலிருந்து ஓட்ட வேண்டும். பழைய அளவீட்டோடு புது ஸ்பீக்கரைச் சேர்த்துவிட்டு விட்டுவிடக் கூடாது. ஃபேன், ஏசி எல்லாவற்றையும் அணைத்து, மைக்கைக் காது உயரத்தில் ஸ்டாண்டில் வையுங்கள், கையில் பிடிக்காதீர்கள். முடிந்ததும் ஒருமுறை சரிபாருங்கள். சீலிங் ஸ்பீக்கரை ‘லார்ஜ்’ என்று ரிசீவர் முடிவு செய்திருந்தால் ‘ஸ்மால்’ ஆக்கி, கிராஸ்ஓவரை (எதற்குக் கீழான ஒலி சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்ற எல்லை) 100 ஹெர்ட்ஸ் அளவுக்கு ஏற்றுங்கள். ஆழ்ந்த ஒலியை சப்வூஃபர் பார்த்துக்கொள்ளும், ஜிப்சம் பலகையும் அதிராது.

இத்தனைக்கும் பிறகு மேலே அமைதியாகவே இருந்தால், ரிசீவரின் திரையில் அட்மாஸ் என்று வருகிறதா பாருங்கள். டிவியின் ஒலி அமைப்பு பிசிஎம் என்று இருந்தால் உயரத் தகவல் வழியிலேயே தொலைந்துவிடும். ஸ்ட்ரீமிங் செயலிகள் தரும் அட்மாஸ், டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ கேபிள் வழியே ரிசீவருக்கு அனுப்பும் சாதாரண ஆர்க் இணைப்பிலேயே வரும். ப்ளூ-ரே வட்டின் ட்ரூஎச்டி அட்மாஸுக்கு அதன் மேம்பட்ட வடிவமான இ-ஆர்க் வேண்டும், அல்லது பிளேயரை நேராக ரிசீவரில் செருக வேண்டும்.

அட்மாஸ் என்று வந்தும் மேலே பெரிதாக ஒன்றும் கேட்கவில்லையா? உடனே மேல் ஸ்பீக்கரின் சத்தத்தைக் கூட்டிவிடாதீர்கள். இரண்டு பேர் ஒரு அறையில் உட்கார்ந்து பேசும் காட்சியில் மேலே எதுவும் இருக்காது, இருக்கவும் கூடாது. மழையோ விமானமோ வரும் ஒரு காட்சியை எடுத்து, மேல் ஸ்பீக்கர்களின் வயரை மட்டும் ஆம்ப் அணைந்திருக்கும்போது கழற்றிவிட்டு ஒருமுறையும் மாட்டி ஒருமுறையும் கேளுங்கள். கழற்றியபோது அறை சட்டென்று தாழ்ந்துபோனதாகத் தோன்றினால், அளவீடு தந்த எண்களை அப்படியே விட்டுவிடலாம்.