ஃபிகர் ஸ்கேட்டிங்கில் தீர்ப்பு அநியாயமா? மதிப்பெண் தாளைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்

நமக்குப் பிடித்தவர் தோற்றதும் ‘ஏமாத்திட்டாங்க’ என்று எழுதக் கை பரபரக்கும். தாராளமாக எழுதுங்கள், ஆனால் முதலில் மதிப்பெண் தாளைத் திறந்து பாருங்கள். 2002 சால்ட் லேக் ஒலிம்பிக்கில் ஜோடிப் போட்டியில் நடந்த நடுவர் ஊழலுக்குப் பிறகுதான், அதிகபட்சம் 6.0 என்று மொத்தமாக மதிப்பெண் போடும் பழைய முறை போய், ஒவ்வொரு தாவலுக்கும் சுழற்சிக்கும் தனித்தனியாகப் புள்ளி போடும் இந்த முறை வந்தது. எங்கே தப்பு நடந்தது என்று வரி வரியாகக் காட்ட முடிவது அதனால்தான்.

பழகிப் பார்க்க 2014இல் ரஷ்யாவின் சோச்சியில் நடந்த ஒலிம்பிக் பெண்கள் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கும் ஆறாத சண்டை அது. போட்டியின் இரண்டாவது, நீண்ட ஆட்டமான ஃப்ரீ ஸ்கேட்டில் தங்கம் வென்ற ரஷ்யாவின் சோட்னிகோவாவுக்கு 149.95, வெள்ளி வென்ற தென் கொரியாவின் யூனா கிம்முக்கு 144.19. வித்தியாசம் 5.76. இதை மூன்றாகப் பிரியுங்கள். தாவல், சுழற்சி, காலடி வரிசை எல்லாவற்றுக்கும் விதிப்படி உள்ள அடிப்படை மதிப்பில் சோட்னிகோவா 3.94 முன்னால். எவ்வளவு நன்றாகச் செய்தார் என்று நடுவர்கள் கூட்டிக் குறைக்கும் ஜிஓஇயில் இன்னொரு 1.91. கலைக்கும் ஸ்கேட்டிங் தரத்துக்கும் தரும் பிசிஎஸ்ஸில் கிம் வெறும் 0.09 முன்னால்!

பெரும்பகுதி வித்தியாசம் அடிப்படை மதிப்பில்தான். சோட்னிகோவா ஏழு டிரிபிள் (காற்றில் மூன்று சுற்று சுற்றும் தாவல்) போட்டார், கிம் ஆறு. அதை யாரும் திருட முடியாது. ஆனால் அந்த 0.09 எனக்கு இன்றும் உறுத்துகிறது. அந்தப் பருவத்தின் முந்தைய போட்டிகளில் சோட்னிகோவாவின் பிசிஎஸ் இவ்வளவு உயரத்தில் இல்லை, சொந்த மண்ணில் ஒரே இரவில் கிம்மைத் தொட்டுவிட்டது. தாவல்களில் தடுமாறாமல் நிறைய இறங்கிவிட்டால் கலைப் புள்ளியும் கூடவே ஏறும் என்பது ரசிகர்களின் நெடுநாள் புகார், நானும் அதைத்தான் சொல்கிறேன்.

அப்புறம் வீடியோ. லட்ஸ் என்ற வகைத் தாவலைக் கால்பங்கு வேகத்தில் ஓட்டி, இடது கணுக்காலை மட்டும் கவனியுங்கள். பிளேடின் வெளி விளிம்பில் சாய்ந்தபடியே எழும்ப வேண்டும். கடைசி நொடியில் கணுக்கால் உள்பக்கம் சரிந்தால் அது தப்பான விளிம்பு, தாளில் அதற்குக் குறி இருக்க வேண்டும். குறியே இல்லை என்றால் கேள்வி கேட்க வேண்டியது இந்தக் குறிகளைப் போடும் தொழில்நுட்பக் குழுவை, புள்ளி போடும் நடுவர்களை அல்ல. இந்த இரண்டையும் குழப்பித்தான் பாதி வாதம் வீணாகிறது.

கலையைப் பார்க்க ஒருமுறை சத்தமில்லாமல் ஓட்டுங்கள். முழங்கால் எவ்வளவு மடங்குகிறது, வேகம் பிடிக்க எத்தனை தள்ளு தேவைப்படுகிறது, தாவலுக்கு முன் நீண்ட நேரம் சும்மா சறுக்கிக் காத்திருக்கிறாரா? பிறகு இசையோடு பாருங்கள். கிம்மின் டாங்கோவில் கையும் தலையும் இசை திரும்பும் இடத்தில் திரும்பும், முடியும் இடத்தில் நிற்கும். இன்று பிசிஎஸ்ஸில் மூன்றே பிரிவுகள்: அமைப்பு, வெளிப்பாடு, ஸ்கேட்டிங் திறன். ஒருவருக்கு மூன்றிலும் கிட்டத்தட்ட ஒரே எண் விழுந்திருந்தால், நடுவர் பிரித்துப் பார்க்கவே இல்லையோ என்று சந்தேகப்படலாம்.

தாளில் ஒவ்வொரு நடுவரின் புள்ளிகளும் இருக்கும் பத்தியையும் விடாதீர்கள். சோச்சியில் யார் எந்தப் புள்ளி போட்டார் என்றே தெரியாது, அந்தக் குழுவில் ரஷ்யக் கூட்டமைப்பின் உயர் பொறுப்பில் இருந்தவரின் மனைவியும் இருந்தார். 2016இல்தான் அந்த மறைப்பு நீங்கியது. இப்போது பெயரும் நாடும் தெரியும், ஆகவே தன் நாட்டுக்காரருக்கு மட்டும் மற்றவர்களைவிட அதிகம் போடுகிறாரா என்று பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் மிக அதிகமும் மிகக் குறைவும் கழிக்கப்படுவதால் ஒரு நடுவரால் முடிவைப் புரட்டுவது கடினம். இரண்டு மூன்று பேர் ஒரே பக்கம் சாய்ந்தால் கதையே வேறு.

ஒரே தாளோடு நிறுத்தாதீர்கள். அதே ஸ்கேட்டரின் முந்தைய இரண்டு மூன்று போட்டித் தாள்களை எடுத்து, பிசிஎஸ்ஸைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஆட்டம் மாறாமல் எண் மட்டும் தாவியிருந்தால், அந்த எண்களையே பதிவில் போடுங்கள்.