மழைக்காட்டு இலைத்துளைகளைக் கொண்டு பழங்காலக் காற்றின் கார்பன் டை ஆக்சைடைக் கணிக்கும் முறை

காற்றில் கார்பன் டை ஆக்சைடு மிகுந்திருக்கும்போது பல மரங்கள் குறைவான துளைகள் (வாயு புகவும் நீராவி வெளியேறவும் இலைத்தோலில் உள்ள நுண்துளைகள்) கொண்ட இலைகளையே விடுகின்றன. சில துளைகளின் வழியாகவே போதிய வாயு கிடைத்துவிடுவதால், நீரிழப்பைக் குறைப்பது மரத்துக்கு ஆதாயமாகிறது. கேம்பிரிட்ஜ் உலர்தாவரத் தொகுப்பில் இருந்த இலைகளை ஆராய்ந்த தாவரவியலாளர் இயன் உட்வர்ட், 200 ஆண்டுகளில் துளைகளின் அடர்த்தி ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்துள்ளதை 1987-இல் காட்டினார். அவர் எடுத்துக்கொண்டவை மிதவெப்ப மண்டல மரங்கள். மழைக்காட்டு மரங்களுக்கு இம்முறையைக் கையாளும்போது கூடுதல் கவனம் வேண்டும்.

முதலில், தொல்லுயிர் எச்சமாகக் கிடைக்கும் இலைகளுக்கு நெருங்கிய உறவுள்ள, இன்றும் வாழும் மரமொன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இலவங்கப்பட்டை மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்த, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மழைக்காடுகளில் வளரும் நியோலிட்சியா டீல்பாட்டா இதற்கு ஏற்றது. சேகரித்த ஆண்டும் இடமும் தெளிவாகக் குறிக்கப்பட்ட உலர்மாதிரிகளை மட்டுமே எடுத்துக்கொள்ளுங்கள்.

நடுநரம்புக்கும் விளிம்புக்கும் இடைப்பட்ட பகுதியின் அடிப்புறத்தில் நிறமற்ற நகப்பூச்சைத் தடவி, காய்ந்தபின் ஒட்டுநாடாவால் உரித்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டினால் இலைப்பரப்பின் அச்சு கிடைத்துவிடும். அடிப்புறத்தில் மயிர் அடர்ந்த இலைகளில் இந்த அச்சு தெளிவாக விழாது. அவற்றில் உட்திசுவை வேதிப்பொருளால் கரைத்து, புறத்தோலைத் தனியே பிரித்தெடுப்பதே நல்லது.

எண்ணுவதில்தான் முடிவின் தரம் அடங்கியிருக்கிறது. பரப்புக்கு எத்தனை துளைகள் என்ற கணக்கை மட்டும் நம்பக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. மழைக்காட்டின் உச்சியில் வெயில் படும் இலையும் அடித்தட்டின் நிழலிலை­யும் ஒரே மரத்தினுடையவையாக இருந்தாலும், நிழலிலையின் புறத்தோல் செல்கள் பெரிதாக விரிவதால் அதன் துளைகள் தள்ளித்தள்ளி அமைகின்றன. காற்று மாறாமலே அடர்த்தி மாறிவிடுகிறது. எனவே தாவரவியலாளர் சால்ஸ்பரி 1927-இல் வகுத்த துளைச் சுட்டெண்ணை, அதாவது துளைகளும் புறத்தோல் செல்களும் சேர்ந்த மொத்தத்தில் துளைகளின் விழுக்காட்டைப் பயன்படுத்துங்கள். நரம்புகளைத் தவிர்த்து, நுண்ணோக்கியின் 400 மடங்கு பெருக்கத்தில், ஒரே கட்டத்துக்குள் துளைகளையும் புறத்தோல் செல்களையும் எண்ண வேண்டும். துளையைச் சூழ்ந்து அதைத் திறந்து மூடும் இரு காப்புச் செல்களும் சேர்ந்து ஒரு துளை. 12 துளைகளும் 88 புறத்தோல் செல்களும் இருந்தால், மொத்தம் 100-இல் 12, அதாவது சுட்டெண் 12 விழுக்காடு. ஒவ்வோர் இலையிலும் பல கட்டங்களையும், ஒவ்வொரு காலத்துக்கும் பல இலைகளையும் எண்ணிச் சராசரி காணுங்கள்.

பிறகு ஒவ்வொரு மாதிரியின் ஆண்டுக்கும் உரிய கார்பன் டை ஆக்சைடு அளவைச் சேர்க்க வேண்டும். 1958 முதல் ஹவாயின் மௌனா லோவா ஆய்வகத்தின் அளவீடுகள் உள்ளன. அதற்கு முந்தைய காலத்துக்குப் பனிப்பாளங்களில் சிக்கிய பழைய காற்றுக்குமிழ்களின் பதிவு உதவும். தொழிற்புரட்சிக்கு முன் அந்த அளவு பத்து லட்சத்தில் சுமார் 280 பங்கு. சுட்டெண்களையும் இந்த அளவுகளையும் வரைபடத்தில் குறித்தால் கிடைக்கும் கோட்டில் தொல்லிலையின் சுட்டெண்ணைப் பொருத்தினால் பழைய அளவு தெரியும். உயரமான மலைகளில் வாயுவின் பகுதி அழுத்தம் (காற்றழுத்தத்தில் அந்த வாயுவின் பங்கு) குறைவு என்பதால், தாழ்நில மாதிரிகளை மலை மாதிரிகளோடு கலக்காதீர்கள்.

கார்பன் டை ஆக்சைடு மிக உயரும்போது துளைகளின் மாற்றம் மந்தமாகிவிடும். அந்நிலையில் கோட்டை அளவீடுகளுக்கு அப்பால் நீட்டுவது ஆபத்தானது. நியூசிலாந்தின் ஃபோல்டன் மார் என்ற பழைய எரிமலைப் பள்ளத்தில் கிடைத்த, சுமார் 2.3 கோடி ஆண்டுப் பழமையான இலைகளுக்கு, துளையின் அளவையும் கார்பன் ஐசோடோப்புகளையும் (வெவ்வேறு நிறை கொண்ட கார்பன் அணுக்கள்) சேர்த்துக் கணித்த ஆய்வாளர்கள் 450 முதல் 550 பங்கு என்ற வீச்சையே தந்தார்கள். உங்கள் முடிவையும் ஒற்றை எண்ணாக அன்றி, இப்படி வீச்சாகவே எழுதுங்கள்.