கும்பாபிஷேக நாளில் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தனி வரிசை அமைப்பது எப்படி?

கொங்கு நாட்டின் பெரிய கோயில்களில் அண்மைக் காலமாகக் குடமுழுக்குகள் அடுத்தடுத்து நடந்து வருகின்றன. பழனியில் 2023 ஜனவரி 27 அன்றும், அவிநாசியில் 2024 பிப்ரவரி 2 அன்றும், பேரூரில் 2025 பிப்ரவரி 10 அன்றும், மருதமலையில் 2025 ஏப்ரல் 4 அன்றும் நடந்தன. ஊர்க்கோயில்களின் கும்பாபிஷேகங்களுக்குக் கணக்கே இல்லை; அவற்றின் கூட்ட ஏற்பாடுகளைப் பெரும்பாலும் முதன்முறையாகப் பொறுப்பேற்கும் விழாக் குழுவினரும் இளைஞர்களுமே பார்த்துக்கொள்கிறார்கள். இந்தச் செய்முறை அவர்களுக்கானது. முறை எண் வரிசையில் காத்திருக்கட்டும், ஆள் நிழலில் உட்கார்ந்திருக்கட்டும் என்பதே இதன் அடிப்படை.

1. பாதையை நடந்து பாருங்கள்

பந்தல்காரரை அழைப்பதற்கு முன்பே, சர்க்கர நாற்காலியில் வரும் ஒருவரையும் கோலூன்றி நடக்கும் பெரியவர் ஒருவரையும் உடன் அழைத்துக்கொண்டு, வண்டி நிற்கும் இடத்திலிருந்து சந்நிதி வரையிலும், அங்கிருந்து வெளியேறி மீண்டும் வண்டி ஏறும் இடம் வரையிலும் ஒருமுறை சென்று வாருங்கள். வழியிலுள்ள படிகள், நிலைப்படிகள், சாக்கடை மூடிகள், ஜல்லி கொட்டிய இடங்கள், மைக்செட் ஒயர் குறுக்கே போகும் இடங்கள் ஆகிய அனைத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கோயில் வாசலில் ‘முதியோர் வழி’ என்று பலகை கட்டிவிட்டு, அந்த வாசல் வரை வருவதற்கே அரைக் கிலோமீட்டர் வெயிலில் நடக்க விடுவதுதான் பல விழாக்களில் காணப்படும் குறை.

2. சாய்தளம்

அதிகக் கவனம் தேவைப்படுவது இதற்குத்தான். மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவைச் சொல்கின்றன. அதாவது ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் வேண்டும். ஆறு அங்குல உயரமுள்ள மூன்று படிகளைக் கடக்க வேண்டுமானால் சாய்தளத்தின் நீளம் 18 அடி. விவரம் சொல்லாமல் விட்டால் பந்தல்காரர் அந்த இடத்தில் ஆறடிப் பலகை ஒன்றைச் சாய்த்துவிட்டுப் போய்விடுவார். அதில் சர்க்கர நாற்காலியை ஏற்றும்போது அது பின்பக்கம் சாயக்கூடும். ஆகவே நீளத்தை எழுதியே கொடுங்கள். நேராக 18 அடிக்கு இடம் இல்லையென்றால், நடுவில் ஐந்தடிச் சதுரமாகச் சமதளம் ஒன்றை அமைத்து, அங்கிருந்து திருப்பி விடலாம்.

அகலம் நான்கு அடி இருக்கட்டும். சக்கரமோ கைத்தடியோ நழுவாதபடி இரு ஓரங்களிலும் சட்டம் அடித்து, ஏறக்குறைய மூன்றடி உயரத்தில் இருபுறமும் கைப்பிடி கட்ட வேண்டும். தீர்த்தம் பட்ட பிளைவுட் வழுக்கும் என்பதால், தென்னைநார் விரிப்பை இழுத்து ஆணியடித்து, ஓரம் சுருளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிலைப்படியை மிதிக்கக் கூடாது என்பது வழக்கமாதலால், அதன் மேல் மரச்சரிவு வைக்கலாமா என்பதைக் குருக்களிடம் முன்பே கேட்டுவிடுவது நல்லது. வெளியில் ஓடிய சக்கரம் உள்ளே வரக் கூடாது என்று நிர்வாகம் கருதினால், கோயிலுக்கென்றே இரண்டு மூன்று சர்க்கர நாற்காலிகளை உள்ளே வைத்து, வாசலில் மாறி அமரச் செய்யலாம். செயற்கைக் காலையும், காலுக்குத் தாங்கலாக அணியும் கேலிப்பர் சட்டத்தையும் செருப்போடு சேர்த்துக் கழற்றச் சொல்லக் கூடாது என்பதை வாசலில் நிற்பவர்களுக்கு முதல் நாளே சொல்லி வையுங்கள்.

3. காத்திருக்கும் பந்தலும் டோக்கனும்

வண்டி நிற்கும் இடத்துக்கு அருகிலேயே நிழலும் மின்விசிறியும் உள்ள பந்தலைப் போடுங்கள். கைவைத்த நாற்காலிகளாகப் பார்த்து வாடகைக்கு எடுங்கள். கைப்பிடி இல்லாத நாற்காலியிலிருந்து முழங்கால் வலி உள்ளவர் தாமாக எழுவது கடினம். சர்க்கர நாற்காலிகளுக்காக இடையிடையே மூன்றடி இடம் விட வேண்டும்.

டோக்கனில் எண் பெரிதாக இருக்கட்டும்; அதன் பின்புறத்தில் உடன் வந்தவரின் கைப்பேசி எண்ணை எழுதி வாங்குங்கள். முறை வந்ததை மைக்கில் மட்டும் அறிவித்தால் காது கேளாதவர்களுக்குத் தெரியாது. ஆதலால் எண்ணைப் பலகையிலும் காட்டுங்கள். ஒலிபெருக்கிக் குழாய் எதுவும் பந்தலை நோக்கி இருக்க வேண்டாம். பத்துப் பேராக அழைத்துச் சென்றால் சந்நிதியில் நெருக்கடி ஏற்படாது.

கழிப்பறை அருகில் இல்லையென்றால் வயதான பெண்கள் பலர் தண்ணீர் குடிப்பதையே தவிர்த்துவிடுவார்கள், பிறகு வெயிலில் மயங்குவார்கள். எனவே நீர்மோர்ப் பந்தலுக்குச் செலவிடும் அக்கறையை, உட்காரும் வகையிலான கழிப்பறை ஒன்றுக்கும் செலவிடுங்கள்.

4. யாரை அனுமதிப்பது?

சட்டப்படி 60 வயதானவர் மூத்த குடிமக்கள். ஆனால் திருவிழாக் கூட்டத்தில் அறுபதைக் கடந்தும் திடமாக நடப்பவர்கள் ஏராளமாக இருப்பதால், வயதை மட்டும் வைத்துப் பிரித்தால் தனி வரிசையே பொது வரிசை ஆகிவிடும். “கொஞ்ச நேரம் நிக்க முடியுங்களா?” என்று கேட்பதே போதுமானது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் குறிப்பிடுகிறது. அவற்றுள் ரத்தக் குறைபாடுகள், நடுக்குவாதம் போன்றவையும் உண்டு. பார்வைக்கு நன்றாகத் தெரிபவரை ஐயத்துடன் விசாரித்து அடையாள அட்டை கேட்பதைக் காட்டிலும், நான்கைந்து பேர் பொய் சொல்லி உள்ளே போவது எவ்வளவோ மேல்.

துணைக்கு ஒருவர் போதும். ஓர் அம்மிச்சியை (பாட்டியை) முன்னிறுத்திக் குடும்பமே உள்ளே போக முயலும். மற்றவர்கள் பொது வரிசையில் சென்று வெளிவாசலில் சேர்ந்துகொள்ளலாம் என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள்.

5. தொண்டர்களுக்கு

“ஏனுங்க அப்புச்சி, இங்க உக்காருங்க, உங்க நம்பர் வந்ததும் நானே வந்து கூட்டிட்டுப் போறேனுங்க” என்று ஒருவர் பொறுப்பேற்றுச் சொன்னால் பாதிப் பதற்றம் அடங்கிவிடும். பார்வையற்றவரின் கையைப் பிடித்து இழுக்காமல், உங்கள் முழங்கையை அவர் பற்றிக்கொள்ளும்படி அரை அடி முன்னே நடங்கள். சர்க்கர நாற்காலியில் இருப்பவரைக் கேட்காமல் நகர்த்தக் கூடாது. சாய்தளத்தில் இறங்கும்போது நாற்காலியைப் பின்புறமாக இறக்குவதே பாதுகாப்பு.

6. கலசத்தில் நீர் ஊற்றும் நேரம்

நெரிசல் அபாயம் மிகுந்த நேரம் இதுதான். ஏறக்குறைய அரை மணி நேரத்துக்கு முன்பே இந்த வரிசையின் நடமாட்டத்தை நிறுத்தி, விமானம் தெரியும்படி தடுப்புக்குள் அனைவரையும் அமர்த்திவிடுங்கள். தீர்த்தத்தை அவர்கள் இருக்கும் இடத்துக்கே கொண்டுவந்து தெளிக்க ஆள் நியமித்தால், யாரும் எழுந்து முண்டியடிக்க மாட்டார்கள். கூட்டம் கலைந்த பிறகே மீண்டும் தரிசனத்துக்கு அழைக்க வேண்டும். தடுப்பில் ஆம்புலன்ஸ் நுழையும் அளவுக்குத் திறப்பு ஒன்றும், அதன் அருகிலேயே நிற்கும் ஒரு தொண்டரும் இருப்பது அவசியம்.

இந்த வரிசையைப் பிரமுகர் வரிசையோடு எக்காரணத்தைக் கொண்டும் சேர்த்துவிடாதீர்கள். சேர்த்தால் கரைவேட்டிகள் முன்னே போகும், கைத்தடிகள் பின்னே நிற்கும். காவல்துறையினருடன் தடுப்பு அமைப்பதைப் பேசும்போதே இதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

7. அழைப்பிதழ்

பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் நன்கொடையாளர் பெயர்களுக்குக் கீழே மூன்று வரிகளுக்கு இடம் ஒதுக்குங்கள்: முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் எந்தத் தெருவில் இறங்க வேண்டும், டோக்கன் எத்தனை மணி முதல் கிடைக்கும், கும்பாபிஷேகத்துக்குப் பின் 48 நாள் நடக்கும் மண்டல பூஜையில் எந்த நேரத்தில் வந்தால் நெரிசலின்றித் தரிசிக்கலாம் என்பவையே அவை.