கண்மாய் மடையில் கிடைத்த முதல் பத்தி

2023இல் இங்கிலாந்தில் சிவில் இன்ஜினியரிங் படிக்க யூகாஸ் வழியாக விண்ணப்பித்தேன்; அங்குள்ள பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பத்தை அனுப்பும் பொது அமைப்பு அது. என்னைப் பற்றிய கட்டுரைக்கு 4000 எழுத்துதான், இடைவெளியும் கணக்கில் சேரும். அதோடு அப்போது 47 வரிக்குள் அடங்க வேண்டியிருந்தது. என் முதல் வரைவு ஆறாயிரத்தைத் தாண்டியது. “சிறு வயதிலிருந்தே கட்டடங்கள் மீது ஆர்வம்” என்று ஆரம்பம். அப்புறம் பள்ளிக்கூடத்துச் சான்றிதழ் எல்லாம் வரிசையாக.

அக்கா படித்துவிட்டு, “இதுல நீ எங்கடா இருக்க?” என்றாள். கோபம்தான் வந்தது. ஆனால் கேள்வி சரி.

அன்று ராத்திரி ஊர்க் கண்மாய் மடை ஞாபகம் வந்தது. மடைக் குழாய்க்குள் அடைப்பில்லை, விரிசலில்லை. ஆனாலும் தண்ணீர் கசிந்தது. குழாயின் வெளிப்பக்கமாக, மண்ணை அரித்துக்கொண்டு வந்தது அது. அதை அடைக்கும்போது சித்தப்பா களிமண்ணை மொத்தமாகக் கொட்டவிடவில்லை. நாலு விரல் கனத்துக்குப் போட்டு, நனைத்து, இடித்து, அதன் மேல் அடுத்தது. ஏன் அப்படி என்று தேடிப் படித்ததில்தான் மண் இயந்திரவியல், அதாவது பாரத்துக்கும் தண்ணீருக்கும் மண் எப்படி நடந்துகொள்கிறது என்ற படிப்பு, எனக்கு அறிமுகம். அதையே முதல் பத்தியாக்கினேன். சான்றிதழ்களில் இரண்டு மட்டும் மிஞ்சின.

ஒரு கல்லூரியின் பெயரைப் புகழ்ந்து எழுதியிருந்ததையும் வெட்டினேன். ஒரே கட்டுரைதான் நான் விண்ணப்பித்த ஐந்து இடத்துக்கும் போகும். மற்ற நாலு பேர் என்ன நினைப்பார்கள்?

2026 சேர்க்கையிலிருந்து அந்தக் கட்டுரையை மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டார்கள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350 எழுத்து. மொத்தம் அதே 4000. தம்பி இப்போது எழுதுகிறான். முதல் வரி: “சிறு வயதிலிருந்தே…”