டேங்க் உட்பூச்சும் எத்தனாலும்: உரிந்த பிறகு தெரியவரும் தவறுகள்

ஏற்றத்தில் மூச்சு வாங்கி நின்றுபோன பழைய மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் காக் கழற்றிப் பார்த்தேன். துருப்பொடி இருக்கும் என்று நினைத்த இடத்தில், காய்ச்சிய பாலின் மேல் படியும் ஆடை போல மெல்லிய, வெளிறிய தோல் ஒன்று வடிகட்டி வலையைச் சுற்றிக்கொண்டிருந்தது. விரலால் இழுத்தால் நீண்டது, விட்டால் சுருங்கியது. வெயிலில் கால் மணி நேரம் வைத்ததும் நகத்துண்டு போல விறைத்துப்போனது. அது பெட்ரோலோடு வந்த அழுக்கு அல்ல. மூன்று வருடங்களுக்கு முன் துருவுக்குப் பயந்து நானே டேங்க்குக்குள் ஊற்றிப் பூசிய உட்பூச்சு.

பெட்ரோலில் கலந்து வரும் ஆல்கஹாலான எத்தனாலைத் திட்டித் தீர்த்துவிடலாம். பலரும் அதைத்தான் செய்கிறார்கள். அன்று நானும் செய்தேன். பிறகு டேங்க்கை வெளிச்சத்தில் ஆராய்ந்தபோது குற்றத்தில் பாதி என் கையில் இருப்பது தெரிந்தது. மூடிக்குக் கீழே, மேல்பகுதியில் பூச்சு கல் போல இருந்தது. அடித்தட்டில் மட்டும் வீங்கி, கொப்புளம் விட்டு, உரிந்து தொங்கியது. ஒரே டப்பா, ஒரே நாள், ஒரே பெட்ரோல். அப்படியிருக்க ஏன் இந்த வேறுபாடு?

பம்பில் 10, அடித்தட்டில் எவ்வளவு?

இ10 என்றால் 100 பங்கில் சுமார் 10 பங்கு எத்தனால், இ20 என்றால் 20 பங்கு. ‘பத்து சதவீதம் பூச்சை என்ன செய்துவிடும்?’ என்ற நினைப்பில்தான் முதல் தவறு தொடங்குகிறது. எத்தனாலுக்குப் பெட்ரோலை விடத் தண்ணீரோடு உறவு அதிகம். வெறும் பெட்ரோலில் தண்ணீர் விழுந்தால் அநேகமாகக் கரையாமல் முத்து முத்தாக அடியில் உருளும். இ10 அப்படியல்ல. 15 டிகிரி செல்சியஸ் வாக்கில் தன் கன அளவில் ஏறத்தாழ அரை சதவீதத் தண்ணீரைக் கண்ணுக்குத் தெரியாமல் கரைத்து வைத்துக்கொள்ளும். 12 லிட்டர் டேங்க்குக்கு அது 60 மில்லி. அதற்கு மேல் தண்ணீர் சேர்ந்தாலோ, குளிரில் வெப்பநிலை இறங்கினாலோ, எத்தனால் பெட்ரோலைக் கைவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்து அடியில் போய் உட்கார்ந்துவிடும். அந்த அடி அடுக்கில் பெரும்பங்கு எத்தனால், அடுத்தது தண்ணீர், கொஞ்சம் பெட்ரோல். பம்பில் எழுதியிருப்பது 10 சதவீதமாக இருக்கலாம். ஆனால் அடித்தட்டில் உள்ள பூச்சு வாரக்கணக்கில் ஊறிக் கிடப்பது ஏறக்குறைய சாராயத்தில்.

துரு அதிகம் பிடிப்பதும், அதை மறைக்கப் பூச்சைத் தாராளமாக ஊற்றுவதும் அதே அடித்தட்டில்தான்.

எத்தனால் மூலக்கூறு சிறியது. பூச்சுப் படலத்தின் இடுக்குகளில் நுழைந்து அதை உப்பச் செய்யும். வழிவிட்டதும் பின்னாலேயே பெட்ரோலும் நுழையும். சில ரப்பர் வகைகள் தனிப் பெட்ரோலிலும் தனி எத்தனாலிலும் வீங்குவதை விட இரண்டும் கலந்த கலவையில் அதிகமாக வீங்கும். பழைய பெட்ரோலில் பல வருடங்கள் தாக்குப்பிடித்த பூச்சு, கலவை மாறிய சில மாதங்களில் கைவிடுவதில் அதிசயம் இல்லை.

இத்தனை தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், எல்லோரும் காற்றின் ஈரத்தைக் கைகாட்டுவார்கள். அதற்கும் பங்கு உண்டு. ஆனால் நான் சந்தேகப்படுவது மூடியைத்தான். பல வண்டிகளில் மூடியைச் சுற்றியுள்ள பள்ளத்தில் மழைநீர் வடிய ஒரு சிறு துளையும், அதிலிருந்து கீழே இறங்கும் ஒரு குழாயும் உண்டு. அந்தத் துளை மண்ணால் அடைபட்டு, மூடியின் ரப்பரும் காய்ந்து வெடித்திருந்தால், மழையில் நிற்கும் வண்டி தண்ணீரைத் தானே குடிக்கும். ஒரு மெல்லிய நைலான் இழையை விட்டுக் குடைந்தால் தீர்ந்துபோகும் வேலை. என் வண்டியில் அந்தத் துளை இருந்த இடமே தெரியாமல் மூடிக்கிடந்தது.

பூசத் தேவையில்லாத டேங்க்

உள்ளே எட்டிப் பார்க்கிறோம், மேல்பகுதியில் செம்மண் நிறத்தில் லேசான படலமாகத் துரு தெரிகிறது. உடனே ஒரு டப்பா வாங்கி வந்துவிடுகிறோம். இது அவசரம். விரலால் துடைத்தால் வரும் அளவுத் துருவைச் சுத்தம் செய்து, வண்டியைத் தொடர்ந்து ஓட்டிப் புதுப் பெட்ரோல் போட்டுவந்தால் பூச்சே தேவைப்படாது. பல டேங்க்குகளின் உட்புறத்தில் தொழிற்சாலையிலேயே துத்தநாகமோ ஈயம்-வெள்ளீயக் கலவையோ முலாம் பூசியிருப்பார்கள். லேசான துருவை விரட்டக் கடும் அமிலம் ஊற்றினால் துருவோடு அந்த முலாமும் போய்விடும். இருந்த காவலைத் துரத்திவிட்டுப் புதிதாக ஆள் தேடுவது போன்றது அது.

அடுத்தது ஊசித்துளை. பற்று வைத்த ஓரத்தில் பெட்ரோல் கசிகிறது, உள்ளே பூச்சு ஊற்றினால் அடைபட்டுவிடும் என்ற நம்பிக்கை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை இது. துளையைச் சுற்றியுள்ள தகடு ஏற்கெனவே காகிதம் போல அரித்துப்போயிருக்கும், பூச்சு பிடித்து நிற்க அங்கே இரும்பு இல்லை. எத்தனால் அதை உப்ப வைத்ததும் கசிவு திரும்பும், இந்த முறை பெரிதாக. துளையை ஈயப்பற்றாலோ வெல்டிங்காலோ அடைத்த பிறகே பூச்சைப் பற்றி யோசிக்க வேண்டும். காலி டேங்க் என்பது பெட்ரோல் ஆவி நிறைந்த வெடிகுண்டு என்பதால் அதைத் தொழில் தெரிந்தவரிடமே விட்டுவிடுங்கள்.

எண்ணெய், ஈரம், முப்பத்தொன்பது நட்டுகள்

பூச்சு தோற்பதற்குப் பெரிய காரணம் எத்தனால் அல்ல, பூச்சுக்குக் கீழே இருப்பது. பழைய பெட்ரோல் காய்ந்து படிந்த பழுப்பு வார்னிஷ், எண்ணெய்ப் பிசுக்கு, கண்ணுக்குத் தெரியாத ஈரம் ஆகியவற்றின் மேல் எவ்வளவு விலை உயர்ந்த எபாக்சிப் பிசினைப் பூசினாலும் அது ஒட்டிக்கொண்டிருப்பதாக நடிக்கும், அவ்வளவுதான். எத்தனால் ஓரத்தில் நுழைந்து நடிப்பைக் கலைத்துவிடும்.

பலர் எண்ணெயை எடுக்காமல் நேராக அமிலத்தை ஊற்றுகிறார்கள். எண்ணெய் படிந்த இடத்தை அமிலம் தொடாது. முதலில் பிசுக்கு நீக்கி, பிறகு துரு நீக்கி. எண்ணெய் போய்விட்டதா என்று பார்க்க எளிய வழி உண்டு. தண்ணீர் ஊற்றி வடித்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் கண்ணாடி போல ஒரே படலமாகப் பரவி நின்றால் சுத்தம். தாமரை இலை நீர் போலத் திரண்டு உருண்டால் அங்கே இன்னும் எண்ணெய் இருக்கிறது, திரும்பக் கழுவுங்கள்.

துருவுக்குப் பாஸ்பாரிக் அல்லது சிட்ரிக் அமிலம் போதும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேகமாக வேலை செய்வது உண்மைதான். நல்ல இரும்பையும் அதே வேகத்தில் தின்னும், கழுவிய சில நிமிடங்களில் இரும்பு மஞ்சளாகத் துருவேறவும் தொடங்கிவிடும். அந்த மஞ்சளின் மேல் பூசுவது மணலின் மேல் பூசுவது போல. எனவே அமிலத்தை வடித்ததும் கழுவுதல், உலர்த்துதல், பூசுதல் மூன்றும் இடைவெளி இல்லாமல் நடக்க வேண்டும். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் ஓரத்தில் ஈரம் ஒளிந்திருக்கும். மேலே கை வைத்துப் பார்த்துவிட்டுக் காய்ந்துவிட்டது என்று முடிவு செய்யக் கூடாது, சூடான காற்றை உள்ளே நெடுநேரம் செலுத்த வேண்டும்.

துருவைச் சுரண்ட நட்டுகளை உள்ளே போட்டுக் குலுக்குவார்கள். நானும் போட்டேன். நாற்பது போட்டதாக ஞாபகம், முப்பத்தொன்பதுதான் வெளியே வந்தது. ஒரு மாலை முழுவதும் டேங்க்கைத் தலைகீழாகப் பிடித்து ஆட்டியும் அந்த ஒன்று வரவில்லை. நான்தான் தவறாக எண்ணினேனா என்பது இன்றுவரை தீராத கேள்வி. ஒரு துண்டுச் சங்கிலியைப் போட்டுக் குலுக்கியிருந்தால் இந்தத் துன்பம் இல்லை. ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் முழுவதும் வந்துவிடும்.

டப்பா சொல்வதும் பாட்டில் சொல்வதும்

உட்பூச்சுகள் எல்லாம் ஒன்றல்ல. கரைப்பான் ஆவியாகிப் போவதால் மட்டுமே காயும் பூச்சு ஒரு வகை. அதன் இழைகள் ஒன்றோடொன்று பிணைவதில்லை. எந்தக் கரைப்பானில் வந்ததோ அது போன்ற ஒன்று கிடைத்தால் மீண்டும் இளகும். என் வண்டியில் உரிந்தது இந்த வகைதான். இரண்டு பாகங்களைக் கலந்து பூசும் எபாக்சி வேதிவினையால் இறுகுவது. அதிலும் சாதாரண எபாக்சி எத்தனாலில் மெல்ல மென்மையாகும். நோவோலாக் என்ற எபாக்சி வகையில் பிணைப்புகள் நெருக்கம், அதனால் தாங்கும் திறன் அதிகம். காற்றின் ஈரத்தைக் கொண்டு இறுகும் பாலியூரித்தேன் இன்னொன்று. அதைத் தடிமனாகப் பூசினால் உள்ளே வாயு உண்டாகிக் குமிழ் விடும்.

‘எத்தனால் தாங்கும்’ என்று டப்பாவில் அச்சிட்டிருந்தால் மட்டும் போதாது. எத்தனை சதவீதம் வரை என்பதைத் தேடுங்கள். அதற்கு முன் உங்கள் பெட்ரோலில் எவ்வளவு எத்தனால் இருக்கிறது என்றும் தெரிய வேண்டும். 100 மில்லி அளவு உருளையில் 10 மில்லி தண்ணீர் விட்டு, 100 கோடு வரை பெட்ரோல் ஊற்றி, மூடிக் குலுக்கி, ஆவி வெளியேற மூடியைச் சற்றுத் திறந்துவிட்டு வையுங்கள். எத்தனால் தண்ணீரோடு இறங்கும். அடி அடுக்கு 19 கோட்டில் நின்றால் 90 மில்லி பெட்ரோலில் 9 மில்லி எத்தனால், அதாவது 10 சதவீதம். 28-இல் நின்றால் 20 சதவீதம். திறந்த வெளியில், நெருப்பு அண்டாத இடத்தில் செய்ய வேண்டிய சோதனை இது.

டேங்க்கில் ஊற்றும் முன் ஒரு தகட்டில் பூசி, முழுதும் இறுகவிட்டு, கண்ணாடிப் பாட்டிலில் அதே பெட்ரோலில் நிறுத்தி வையுங்கள். கூடவே அடியில் ஓர் அடுக்கு பிரியும் வரை கொஞ்சம் தண்ணீரும் சேருங்கள். தகட்டின் கால் அந்த அடுக்கில் நிற்கட்டும். மூன்று வாரம் கழித்து நகத்தால் அழுத்தினால் விடை கிடைத்துவிடும். மூன்று வாரம் காத்திருக்கப் பொறுமை இல்லை என்பவர்கள் பிறகு பூச்சை உரிக்க இரண்டு மாதம் செலவிடுகிறார்கள்.

பூசும்போது நடக்கும் தவறு ஒன்றைத்தான் முக்கியமாகச் சொல்வேன்: மிச்சத்தை வடிக்காமல் விடுவது. மோட்டார் சைக்கிள் டேங்க் சேணம் போன்றது, நடுவில் மேடு, இரு பக்கமும் பள்ளம். பூச்சு பள்ளத்தில் குட்டையாகத் தேங்கும். குட்டையின் மேல் தோல் காயும், உள்ளே பச்சையாகவே இருக்கும். டேங்க்கைத் திருப்பிக்கொண்டே இருந்து மிச்சத்தை முழுவதும் வடித்துவிட வேண்டும். காற்றுத் துளையும் ரிசர்வ் குழாயும் அடைபடாமல் முன்பே மெழுகு வைக்கலாம். டப்பாவில் நான்கு நாள் என்று போட்டிருந்தால் நான்கு நாள்தான். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக மறுநாளே பெட்ரோல் ஊற்றினால் அரைகுறையாக இறுகிய படலத்தை எத்தனாலுக்கு விருந்து வைப்பதாகும்.

ஊற்றிய பிறகு

தண்ணீர் இறங்கிவிட்டது என்று தெரிந்ததும் தண்ணீர் நீக்கும் திரவம் வாங்கி ஊற்றுவார்கள். அவற்றில் பலவும் ஐசோபுரோப்பனால் போன்ற ஆல்கஹால்களே. பூச்சு உரிவதற்குக் காரணமானதன் உறவினரையே வீட்டுக்கு அழைப்பதுதான் இது. பிரிந்த அடுக்கை வடித்துவிட்டுப் புதுப் பெட்ரோல் போடுவதே வழி. கார்புரேட்டர் கழுவும் கரைப்பான்களையும் டேங்க்கில் ஊற்றக் கூடாது.

கூடுதல் வடிகட்டி மாட்டிச் சமாளிப்பதும் உண்டு. தோலும் செதிலும் அதில் நிற்கும், கரைந்த பிசின் நிற்காது. அது கார்புரேட்டரைத் தாண்டிப் போய் உறிஞ்சு வால்வின் சூடான தண்டில் கோந்தாகப் படிந்து வால்வையே ஒட்ட வைக்கும். பாலியஸ்டர் பிசினில் செய்த பழைய ஃபைபர்கிளாஸ் டேங்க்குகளில் இந்த ஆபத்து இரட்டிப்பு, அங்கே எத்தனால் கரைப்பது பூச்சை மட்டுமல்ல, டேங்க்கின் சுவரையே. அவற்றை எத்தனால் இல்லாத பெட்ரோலில் ஓட்டுவது நல்லது. நைலான் டேங்க்குகள் வேறு விதம். அவை பருத்து, திருகு இடங்கள் விலகிப்போகும். அதற்கு உட்பூச்சு மருந்தல்ல.

உரிந்த பூச்சின் மேல் புதுப் பூச்சு பூசலாமா? கூடாது. பழையது முழுவதும் போக வேண்டும். அசிட்டோன், மெத்தில் எத்தில் கீட்டோன் ஆகியவை கரைப்பான் ஆவியாகிக் காயும் முதல் வகைப் பூச்சை இளக்கும். அசிட்டோனின் ஆவி பூஜ்யத்துக்கு 20 டிகிரி கீழேயும் தீப்பற்றக்கூடியது, ஆகவே அறைக்குள் வேண்டாம். மெத்திலீன் குளோரைடு கலந்த உரிப்பான்கள் மூடிய இடத்தில் ஆளையே கொன்றிருக்கின்றன. இறுகிய எபாக்சியோ எதற்கும் எளிதில் மசியாது.

என் டேங்க்கை இரண்டு மாதம் உரித்துச் சுத்தமாக்கி, இந்த முறை எதையும் பூசாமல் விட்டுவிட்டேன். அலமாரியில் கண்ணாடிப் பாட்டில் இன்னும் இருக்கிறது. உள்ளே மூன்று தகடுகள், மூன்று பூச்சுகள். ஒன்றின் மேல்பாதி பளபளப்பாகவும், அடுக்கு பிரிந்த கோட்டுக்குக் கீழே ஈரக் காகிதம் போலச் சுருங்கியும் நிற்கிறது.